அவருக்கு நாலு துண்டு

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டு என்னுடையதில்லை. கண் ஆஸ்பத்திரியில் டயட் சொல்லும் பொண்ணு ஜெசிந்தா கொடுத்தது. முதல் பக்கத்தில் "நோயாளி: செங்கோடன், வயது 63, ஆத்தூர்" என்று அவளே எழுதிவிட்டாள். என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் சர்க்கரை எவ்வளவு, இதைத் தினமும் நான் எழுத வேண்டுமாம். அவரால் எழுத முடியாது. இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் நிற்பது நானா பீரோவா என்பதே அவருக்குக் குத்துமதிப்புதான்.

இன்றைக்கு ஆபரேஷன் என்றுதான் விடியற்காலையில் கிளம்பிச் சேலம் போனோம். ஊசி குத்திப் பார்த்தார்கள், 318. டாக்டர் கத்தியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "இருநூறுக்குக் கீழ கொண்டாங்க. இருபத்தி மூணாம் தேதி பாக்கலாம். அப்பவும் குறையலன்னா வலது கண்ணுக்கு நான் பொறுப்பில்ல."

ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இந்த மனிதர் என்ன செய்தார்? தடவித் தடவி நேரே சூப்பு வண்டிக்குப் போனார். சோளமாவைக் கரைத்து ஊற்றி, குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, மசித்துப் போட்டு, சுவரொட்டி ஒட்டும் பசை போல ஒன்று. அதை உறிஞ்சுகிற சத்தம் பக்கத்துப் பஸ்ஸுக்குக் கேட்டிருக்கும். மீசையில் ஒட்டியதை நாக்கால் துழாவி எடுத்தார். முப்பது வருடம் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு மாவுக்குள் நின்றவர், புளித்த நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தவர். வேறு யாராக இருந்தாலும் கிழங்கைக் கண்டாலே ஓடியிருப்பார்கள்.

ஜெசிந்தாவுக்குக் கொடுக்க நம்பரை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொள்வேன். இதில் என் மனதில் தோன்றுவதை எழுதப்போகிறேன். முப்பத்திரண்டு வருடம் அங்கன்வாடி ரெஜிஸ்டரில் எவ்வளவோ எழுதினேன், மனதில் பட்டது ஒரு வரி எழுதியதில்லை. இப்போது பயமில்லை. படிக்க வேண்டியவருக்குக் கண் தெரியாது.

ஜூன் 3, செவ்வாய்

சூப்பை விடச் சொன்னால் இவர் உயிரை விட்டுவிடுவார் என்று அந்தப் பொண்ணுக்கே நேற்றுப் புரிந்துவிட்டது. அதனால் சூப் குடிக்கலாமாம், ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் இல்லை, சோற்றுக்குப் பதிலாக. ஒரு கிண்ணத்துக்குக் கிழங்கு நாலே துண்டு, பாதித் தீப்பெட்டி அளவு. மீதி பீன்ஸ், கோஸ், முருங்கைக்கீரை, ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலை. சோளமாவு கூடாது. மிக்ஸியில் போட்டு மசிக்கக் கூடாது, மசித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறுமாம். மென்று தின்ன வேண்டும். குச்சி போல இருந்துகொண்டு எவ்வளவு சட்டம் பேசுகிறாள்.

அப்படியே வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"ஏம் புள்ள, கழனித்தண்ணியாட்டம் இருக்குது. மாட்டுக்கு வெச்சதா?"

"மாடு இதவிட மரியாதையாக் குடிக்கும்ங்க."

அப்புறம் எனக்குத் தெரியாமல் பழைய சோறு எடுத்துத் தின்றிருக்கிறார். கண் தெரியாததால் தரையெல்லாம் பருக்கை. காலில் மிதித்து, வழவழவென்று. தூ.

இரண்டு மணி நேரம் கழித்து: 296.

ஜூன் 4, புதன்

பாகற்காய்ச் சாறு. வாந்தி. அவருக்கல்ல, வடிகட்டிக்கொண்டிருந்த எனக்கு.

ஜூன் 6, வெள்ளி

ஒரு வழி கண்டுபிடித்தேன். நாலு துண்டு போட்டால் சூப்பில் கிழங்கு ருசி இறங்கவில்லை, அதுதான் அவருடைய குறை. அதனால் குச்சிக்கிழங்கு, உருளை இரண்டும் நிறையப் போட்டுக் கொதிக்க விட்டு, ருசி இறங்கியதும் கரண்டியால் அள்ளி எடுத்துவிட்டு, கிண்ணத்தில் நாலே நாலு துண்டு விட வேண்டும்.

நேற்று அசந்துவிட்டேன். குச்சிக்கிழங்கு பூப்போல மலர்ந்து சூப்போடு கரைந்துவிட்டது. 271. இன்று கத்தி பாதி இறங்கும் பதத்திலேயே அள்ளிவிட்டேன். குடித்துவிட்டு "இது சூப்பு" என்றார். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற பாராட்டு இவ்வளவுதான். 224.

அள்ளியது பதினான்கு துண்டு. இந்த வீட்டில் சோறு தண்ணி எதையும் கொட்டிய வழக்கம் கிடையாது. அடுப்பில் இன்னும் கொஞ்சம் வேகவிட்டு, உப்பு, பச்சைமிளகாய், தேங்காய்த் துருவல் போட்டுக் கிளறி, மேடையோரம் நின்றபடியே நான் தின்றேன். வீணாகக் கூடாதே என்றுதான். அப்புறம் வழக்கம் போல என் சோறு.

ஜூன் 9, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாத்ரூமில் எறும்பு. சாரைசாரையாக, மூலையில் தண்ணீர் தேங்கும் இடத்தில். சர்க்கரைக்காரர்கள் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று அங்கன்வாடியில் ஆயாம்மா சொல்வாள், அப்போது சிரிப்பேன். இப்போது என் வீட்டில். பினாயிலை முழுப் பாட்டில் ஊற்றித் தேய்த்தேன். கையெல்லாம் அந்த நாற்றம். அதோடு அவருக்கு ஊசி குத்தினேன், ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பஞ்சு பக்கத்திலேயே இருக்கிறது.

"ஏனுங்க, தண்ணி நெறைய ஊத்திட்டு வரக்கூடாதா? எறும்பு மேயுது."

"நான் ரெண்டு பக்கெட் ஊத்தறன். எம்மேல எதுக்குப் பழி போடற?"

வேறு யார் மேல் போடுவது, வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

சூப், நாலு துண்டு, 215. மிச்சம் பதினாறு துண்டு. நல்ல கிழங்கு இந்த வாரம், நார் இல்லை.

ஜூன் 11, புதன்

ஓசூரிலிருந்து மகள் சுகன்யா பேசினாள். அப்பா எப்படி, அப்பா நம்பர் எவ்வளவு. கடைசியில், "நீ ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கம்மா, மெஷின்தான் இருக்குதே" என்றாள்.

"எனக்கென்ன கேடு? ஒரு நாளைக்கு நாப்பது தடவ எந்திரிச்சு உக்காருறன்" என்றேன். உண்மைதானே. இவருக்கு அலைந்ததில் நானே இளைத்துவிட்டேன். தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை தொளதொளவென்று தொங்குகிறது. பிள்ளை பெற்ற பிறகு இந்த உடம்பை நான் பார்த்ததே இல்லை. ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப்பை என் மேல் வீணடிப்பானேன்.

வெயில் தாங்கவில்லை. இரண்டு குடம் தண்ணீர் நானே குடித்திருப்பேன். அவர் 209.

ஜூன் 13, வெள்ளி

196. முதல் முறையாக இருநூறுக்குக் கீழே. அந்தச் சந்தோஷத்தில் மிச்சக் கிழங்குக்குக் கடுகு, கறிவேப்பிலை தாளித்தேன்.

ஜூன் 16, திங்கள்

நேற்றுக் காலையில் அவருடைய அண்ணன் மகன் வந்து கூட்டிப்போனான். நாமக்கல்லில் அவர் பெரியம்மா காரியம். சூப்பை எழுதிக்கொடுத்து, நாலு துண்டுக்கு மேல் போடக் கூடாது என்று அங்கே சமைக்கிறவளிடம் போனிலும் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும், கண் அவளுடையதா?

வீடு அமைதியாக இருக்கிறது. உறிஞ்சும் சத்தமில்லை, காறும் சத்தமில்லை, தரையில் பருக்கையில்லை. சூப்பும் வைக்க வேண்டாம். ஆனால் கிழங்கு வாங்கி வைத்தது கெட்டுப்போகும், கறுத்துவிட்டால் கசக்கும். அதனால் வேகவைத்தேன். எல்லாமே வேகவைத்தேன். நேற்றுப் பாதி, இன்று பாதி. உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

நேற்று அவர் போனதும் பாத்ரூமைத் தேய்த்துக் காயவைத்தேன். இன்று மத்தியானம் மறுபடியும் எறும்பு, அதே மூலையில். பழைய எறும்பாக இருக்கும். வழி தெரிந்துவிட்டது. சுவரில் எங்கேயோ ஓட்டை. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

காலில் சுண்டுவிரல் இடுக்கில் புண். செருப்பு வார் கடித்தது, பதினைந்து நாள் இருக்கும், ஆறவே மாட்டேன் என்கிறது. மஞ்சள் வைத்துப் பார்த்தேன், அதோடு சேர்ந்து இன்னும் அசிங்கமாக இருக்கிறது. பிசுபிசுவென்று, லேசாக நாற்றம் வேறு. சேலையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டிருக்கிறேன். எவர் முகத்திலும் விழிக்க அருவருப்பு.

ராத்திரி நாலு முறை எழுந்தேன். அவர் ஒரு முறைதான் எழுந்தார். முன்பெல்லாம் தலைகீழ்.

ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. எழுத்து ஆடுகிறது. வயசாகிறது.

அவர் 188. இன்னும் நாலு நாள்.

ஜூன் 23, திங்கள்

182.

டாக்டர் "பரவாயில்லையே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "வாயக் கட்டுனன் சார்" என்றார். வாயைக் கட்டினாராம். பச்சை அங்கியை மாட்டி உள்ளே கூட்டிப்போனபோது மட்டும் என் கையைத் தேடிப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

அரை மணி நேரம்தான். வலது கண்ணில் கட்டு. வெளியே பெஞ்சில் பத்துப் பேர் அதே போல் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். தோலைப் பெஞ்சுக்கு அடியில் போடுகிறார்கள். மனுஷ ஜாதி.

ஜூன் 24, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். முதலில் சுவரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நன்றாக, மேலிருந்து கீழ் வரைக்கும்.

"என்ன புள்ள, பாதியாயிட்ட?"

"உங்களுக்குச் சூப்பு ஆத்தி ஆத்தித்தான்" என்றேன். டாக்டர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

ஜூன் 28, சனி

கண் வந்தாலும் வந்தது, வீட்டைச் சுற்றிச்சுற்றி வருகிறார். ஒட்டடையைக் காட்டுகிறார், குழாயில் உப்புப் படிந்திருப்பதைக் காட்டுகிறார். குருடாகவே இருந்திருக்கலாம். சூப், நாலு துண்டு, 171.

ஜூலை 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முருங்கைக்கீரை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மெத்தைக் கட்டிலில் உட்கார்ந்து, பழைய படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் இந்த நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். விரலால் வரி வரியாகத் தடவி. பாதிக்கு மேல் போய்விட்டிருந்தார். உறிஞ்சுவதை எழுதியிருக்கிறேன், பருக்கையை எழுதியிருக்கிறேன், குருடாகவே இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன்.

"கொடுங்க அத. ஆஸ்பத்திரி நோட்டு."

கொடுக்கவில்லை. கடைசி வரை படித்தார். நான் கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன்.

"கால நீட்டு" என்றார்.

"எதுக்குங்க?"

"நீட்டு புள்ள."

சேலையை விலக்கிப் புண்ணைப் பார்த்தார். நான் இத்தனை நாள் மறைத்ததை, நானே பார்க்கக் கூசியதை, குனிந்து, கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய் சர்க்கரை மெஷினை எடுத்து வந்தார். "கையக் குடு."

367.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

தன் விரலில் குத்திக்கொண்டார். 154. என்னைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி மறுபடியும் குத்தினார். 371.

பிறகு நோட்டைத் திறந்து, பதினாறாம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"நான் நாமக்கல்ல இருக்கறப்பவும் எறும்பு வந்திருக்குது. அப்பவே உனக்குத் தெரிஞ்சுதா இல்லயா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, கீரையை ஆய உட்கார்ந்துவிட்டேன். அவரும் எதிரில் உட்கார்ந்து ஆய்ந்தார், காம்பெல்லாம் போட்டு, குப்பையாக.

ஜூலை 4, வெள்ளி

தெரிந்தது. அன்றைக்கே தெரிந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு எடை பார்த்து, எடை குறைந்தால் தாயைக் கூப்பிட்டுத் திட்டியவள் நான். ரவிக்கை தொளதொளத்தபோதே தெரிந்திருக்க வேண்டியவள். நானும் படுத்தால் அடுப்பை யார் பார்ப்பது என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன் என்று நேற்று ராத்திரி முழுக்க எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது முழு நிஜமில்லை.

காலையில் இங்கேயே டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்று சாதாரணமாகச் சொன்னார், பல்லில் மாட்டியதைக் குத்திக்கொண்டே. அப்புறம் என் வீட்டுக்காரரே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"அம்மா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு என்ன? அத வெச்சுத்தான் அளவு போடணும்."

அறுபது வயதில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு அது இதுன்னெல்லாம் இல்லீங்க. எல்லாம் சாப்பிடுவா."

"கிழங்கு" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் புதுக் கண்ணால்.

"உனக்குக் கிழங்கு புடிக்குமா?"

"புடிக்கும்."

"முப்பத்தாறு வருசமா கொழம்புல சாறத்தான ஊத்திக்குவ. சாறுதான் உனக்குப் புடிக்கும்னு இருந்தன்."

துண்டெல்லாம் முதலில் அவர் தட்டுக்குப் போகும். அப்புறம் சுகன்யாவுக்கு. நான் சாப்பிட உட்காரும்போது சட்டியில் இருப்பது சாறும் உடைந்த தூளும்தான். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் அம்மா செய்தாள், நானும் செய்தேன். இந்த ஒரு மாதமாகத்தான், அவருக்கு ஆகாது என்பதால், முழுத் துண்டுகள் எனக்கு வந்தன. பதினான்கு, பதினாறு. தேங்காய் போட்டு, கடுகு தாளித்து. வீணாகக் கூடாதே என்று தின்றதாக இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பொய். ஆசை ஆசையாகத் தின்றேன். சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்து தின்றேன். ஊசி குத்திப் பார்த்தால் அதுவும் போய்விடும் என்றுதான் குத்திப் பார்க்கவில்லை. இப்போது என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

ஜெசிந்தா போனில் ஏதேதோ கணக்குப் போட்டாள். "உங்களுக்கும் நாலு துண்டு உண்டும்மா. கடலையும் கீரையும் நெறையப் போட்டுக்குங்க, மேல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்க. சோறு வேண்டாம், உக்காந்து மெதுவா சாப்பிடுங்க" என்றாள். நல்ல பொண்ணுதான்.

சாயங்காலம் சூப் வைத்தேன். எட்டே துண்டுதான் வெட்டினேன், அள்ளி எடுக்க எதுவும் இல்லை. ருசி கொஞ்சம் குறைவுதான். அவர் குறை சொல்லாமல் குடித்தார். நான் என் பங்கை ஒவ்வொன்றாக மென்று தின்றேன். நாலாவது துண்டுக்குப் பிறகு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடையதில் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். வேண்டாம், அளவு என்றேன். போட்டுவிடுவாரோ என்று கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவருக்கு 161, எனக்கு 288. இந்த இரண்டு நம்பரையும் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருப்பது அவர்தான். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்கும் அவரே எழுதட்டும்.